அளவெடுத்துச் செய்த கோல்ஃப் மட்டைகளும் மச்சானின் முதுகும்

"ஆனி, மூன்றாம் ஞாயிறு. காலையில் தூறல், பிறகு மூடுபனி. மூன்றாவது குழியருகே பந்தை எடுக்கக் குனிந்த மச்சான் நிமிரவில்லை. ஆட்டம் அத்தோடு நின்றது. அதுவரை பாய் முன்னிலையில் இருந்தார்."

சென்ற ஆண்டு நான் எழுதிய இந்தக் குறிப்பு ஒரு மதிப்பெண் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது. கடைசி வாக்கியம் எங்களோடு ஆடும் பாய் வற்புறுத்தியதால் சேர்த்தது. மச்சானை இரண்டு பக்கமும் தாங்கி ஜீப்பில் ஏற்றிய பிறகு, சின்னமனூர் இறங்கும் வரை, பாய் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

கம்பம் பள்ளத்தாக்கில் கோல்ஃப் ஆடுகிறோம் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். பள்ளத்தாக்கில் ஆடுவதில்லை, மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் ஆடுகிறோம். எஸ்டேட்டின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் எங்களை அனுமதிப்பது மேலாளரின் தனிப்பட்ட தயவு. பழைய மேலாளர்கள் பொழுதுபோக்குக்காகப் புல்வெளியில் வெட்டி வைத்த ஐந்து குழிகள் அங்கே இருக்கின்றன. சிறிய வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, குறைந்த அடிகளில் குழிக்குள் தள்ள வேண்டும். ஐந்து குழிகளையும் இரண்டு சுற்று ஆடினால் ஒரு ஞாயிறு தீர்ந்துவிடும். சமதளம் என்று சொல்ல அங்கே ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை. பந்து காட்டுமாட்டின் குளம்புத் தடத்தில் விழுந்தால் கையால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. காட்டுமாடே நின்றால் அன்றைக்கு அந்தக் குழி கிடையாது.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். முதலாமவர் மச்சான், என் அக்காவின் கணவர், சுருளிப்பட்டியில் திராட்சை விவசாயி. இரண்டாமவர் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். எங்களுக்கு அவர் பாய். மூன்றாவது நான். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூவருமே சுமாராகத்தான் ஆடுவோம். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, மதிப்பெண் அட்டைகள் இருக்கின்றன.

மச்சான் ஆட்டத்துக்கு வந்தது காய்கறி வழியாக. எஸ்டேட் பங்களாவுக்குப் பல ஆண்டுகள் காய்கறியும் பழமும் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போதிருந்த மேலாளர் பணி முடிந்து போகும்போது, பெட்டியில் இடமில்லை என்று தன் மட்டைப் பையை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மேலாளர் குள்ளமான மனிதர். மச்சான் எங்கள் குடும்பத்திலேயே உயரமானவர். பேருந்தில் நின்றால் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை, தலையே மேற்கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். குள்ளமானவரின் மட்டைகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆடினார். பார்ப்பதற்கு அவர் பந்தடிப்பது போலத் தெரியாது, தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலத் தெரியும்.

ஆனி ஞாயிறுக்கு அடுத்த நாள் தேனியில் எலும்பு மருத்துவரிடம் காட்டினார்கள். மாலையில் நான் சுருளிப்பட்டிக்குப் போனபோது மச்சான் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அக்கா ஒத்தடத்துக்கு வெந்நீர் கொண்டுவந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"முதுகுத்தண்டு தேஞ்சு போச்சாம்," என்றார் மச்சான். "குனியக்கூடாதுன்னாக. பழப்பெட்டி தூக்கக்கூடாதுன்னாக."

"ஆட்டம்?"

"குனியாம ஆட முடிஞ்சா ஆடுங்கன்னாக."

"அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு தம்பி," என்றாள் அக்கா. "இவுக அதை கலெக்டர் உத்தரவு மாதிரி வாங்கிட்டு வந்திருக்காக."

"சிரிச்சா என்ன, சொன்னது சொன்னதுதான?"

"அங்கன என்ன புதையலா இருக்கு? வாரத்துக்கு ஒரு நாள் போயி குழிக்குள்ள கையை விட்டுட்டு வாறீக."

மச்சான் ஒத்தடத் துணியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் வேலையாக இல்லாமல் செய்யும் ஒரே காரியம் இந்த ஆட்டம்தான் என்பது அக்காவுக்கும் தெரியும். அவர் சினிமாவுக்குப் போவதில்லை, சீட்டு ஆடுவதில்லை, கட்சிக்காரர்களோடு சேர்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே ஜீப்புக்கு டீசல் போட்டு வைப்பார். அதை அவரிடமிருந்து எடுத்துவிடலாமா கூடாதா என்பதுதான் அன்றிலிருந்து அந்த வீட்டின் கேள்வியாக இருந்தது.

வழி ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் பாய். கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஆளின் உயரம், கையின் நீளம், அடிக்கும் வேகம் எல்லாவற்றையும் அளந்து, அதற்கேற்ப மட்டை செய்து தருகிறார்கள். பெங்களூரில் அப்படி ஒரு கடை. உயரமானவருக்கு நீளமான மட்டை, குனிய வேண்டியதில்லை.

நான் இதைப் பற்றி அந்த வாரம் முழுக்கப் படித்தேன். படித்தவரையில் இரண்டு கட்சிகள் இருந்தன. தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அடிக்கிறார், அவருக்கு அளவு மட்டை பயன்படும். சாதாரண ஆள் ஒரு முறை அடித்தது போல மறு முறை அடிப்பதில்லை, அவரிடம் எதை அளப்பது என்பது ஒரு கட்சி. சாதாரண ஆளுக்குத்தான் பொருந்தாத மட்டை அதிகக் கெடுதல் செய்யும், தேர்ந்தவர் எதையும் சமாளித்துக்கொள்வார் என்பது எதிர்க் கட்சி. நான் முதல் கட்சி. சுமாராக ஆடுகிறவன் பந்தை எப்படிக் கோணலாக அடிப்பான் என்பதை நுட்பமாக அளந்து, அந்தக் கோணலுக்கு ஏற்ப ஒரு பொருள் செய்து வாங்குவது எனக்கு வீண் செலவாகப் பட்டது. ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் விலை அது.

"மாப்ள, மண்வெட்டிக்குப் பிடிக் கணை போடுறப்ப ஆளைப் பார்த்துத்தான போடுறோம்?" என்றார் மச்சான். "என் மண்வெட்டியை நீ எடுத்து வெட்டிப் பாரு. கால் மணி நேரத்துல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவ."

"நான் எப்ப மண்வெட்டி எடுத்தேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

பாய் இன்னொன்று சொன்னார். "அண்ணே, மட்டையை விடுங்க. உங்க திராட்சைப் பந்தலை ஒரு அடி தூக்கிக் கட்டுனா முதுகு தன்னால சரியாயிரும். வாரம் ஆறு நாள் அதுக்குள்ள குனிஞ்சு நடக்குறீக, பழியை ஞாயித்துக்கிழமை மேல போடுறீக."

அது உண்மை. மச்சானின் பந்தல், கொத்து வெட்டுகிற பெண்களின் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டியது. அவர்களுக்கு வசதி. தோட்டக்காரர் மட்டும் தன் தோட்டத்துக்குள் கழுத்தையும் முதுகையும் மடக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் பந்தலைத் தூக்குவது என்றால் கல்தூண், கம்பி, கொடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அக்கா கடைசியில் ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. அளவு மட்டை வரட்டும். அது வந்த பிறகும் மலையில் ஒரு முறை வலித்தது என்றால், தீபாவளியோடு ஆட்டம் முடிந்தது. மச்சான் சரி என்றார். சாமி படத்தின் முன்னால் எல்லாம் சத்தியம் செய்யவில்லை. அவர் சரி என்றால் சரிதான்.

ஆடி கடைசியில் பெங்களூர் போனோம். மச்சானின் மகள் அங்கே வேலையில் இருக்கிறாள். கடை ஒரு பெரிய வணிக வளாகத்தின் மாடியில் இருந்தது. அளவெடுத்த இளைஞர் ஓசூர்ப் பக்கம்; நன்றாகத் தமிழ் பேசினார். பச்சைப் பாய் விரித்த அறை, எதிரே திரை, அதன்மேல் ஒரு கருவி. முதலில் மச்சானை நேராக நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை நாடாவால் அளந்தார். பிறகு விரல்களை. பிறகு மட்டையின் அடியில் ஒரு ஒட்டு நாடாவை ஒட்டி, சிறு பலகை மேலிருந்து பந்தை அடிக்கச் சொன்னார். மட்டையின் அடிப்பாகம் தரையில் எங்கே உரசுகிறது என்பதை அந்த நாடாவில் விழும் தடம் காட்டும். நுனியில் உரசினால் ஒரு குறை, தண்டு சேரும் பக்கம் உரசினால் வேறு குறை, நடுவில் உரச வேண்டும்.

"எந்த மாதிரி கிரவுண்ட்ல ஆடுவீங்க சார்?"

"மலை. ஒரு கால் மேல இருக்கும், ஒரு கால் கீழ இருக்கும்."

இளைஞர் சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

மச்சான் அன்று போட்டிருந்தது மகள் வாங்கிக் கொடுத்த நடைப்பயிற்சிக் காலணி, அடி மெல்லியது. மணிக்கணக்கில் அடித்தார். கடைசியில், வழக்கமான மட்டையைவிட ஒன்றேகால் அங்குலம் நீளம் வேண்டும், கோணத்தையும் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும் என்று முடிவாயிற்று. மாதிரிக்காக அந்த நீளத்தில் ஒரு மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். மச்சான் நேராக நின்றார். எனக்கு அவரை அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை. இரண்டு பந்து அடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மாப்ள, பந்து இப்பத்தான் தூரத்துல இருக்கு," என்றார்.

மட்டைகள் புரட்டாசி முதல் வாரம் வந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் உழவு போடாமல் கிடந்த நிலத்தில் மச்சான் ரப்பர் செருப்போடு நின்று அடித்துப் பார்த்தார். நானும் பாயும் எதிர்ப்புறம் நின்று பந்து பொறுக்கினோம். அக்கா மோட்டார் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை; மச்சானின் கை இடுப்புக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்தாள். போகவில்லை. நிறையப் பந்துகள் நேராக வந்தன. நான் என் கட்சியைப் பற்றி அன்று பேசவில்லை.

"பரவாயில்லையே," என்றாள் அக்கா. "கல்யாணத்தன்னைக்கு நின்ன மாதிரி நிக்கிறாக."

"அன்னைக்கு மாலை கனத்துல குனிஞ்சில்ல நின்னேன்?" என்றார் மச்சான்.

அடுத்த ஞாயிறு மலைக்குப் போனோம். அங்கே எல்லாம் தலைகீழாயிற்று. மட்டையின் நுனி புல்லில் குத்தி, பந்து வலப்பக்கம் விலகித் தேயிலைக்குள் போனது. அடுத்த பந்தும். அதற்கடுத்ததும். பந்து தேடியே மச்சான் பாதி நேரம் செடிகளுக்கு நடுவில் இருந்தார்.

"அண்ணே, எஸ்டேட்டுல கொழுந்து பறிக்க ஆள் குறையுதுன்னு சொன்னாகளா?" என்றார் பாய். "கூடையையும் வாங்கிக் கட்டிக்கிருங்க."

மச்சான் நுனி குத்தாமல் இருக்க உடம்பைத் தாழ்த்தி அடித்துப் பார்த்தார். பந்து நேரானது. ஆனால் இரண்டாவது சுற்றில் கை இடுப்புக்குப் போயிற்று. பாய் அதைப் பார்த்தார், நான் பார்த்தேன், மச்சானும் நாங்கள் பார்த்ததைப் பார்த்தார். இறங்கும்போது, மலைப்பாதையில் பூப் பெயர் வைத்த கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டே, "வீட்டுல சொல்ல வேணாம்," என்றார். நாங்கள் சொல்லவில்லை.

ஏன் இப்படி என்று யோசித்தோம். மலைக்காற்று, குளிர், சரிவு, புதுப் பொருளின் பழக்கமின்மை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். என் காரணம் பழையதுதான்: சாதாரண ஆட்டக்காரருக்கு அளவு மட்டை பயன்படாது. அப்படியானால் சுருளிப்பட்டியில் எப்படிப் பயன்பட்டது என்று பாய் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது.

அந்த ஞாயிறு நான்காவது குழிக்குப் போகும் வழியில் மச்சான் நின்று, "உள்ள ஏறிருச்சு," என்றார்.

ரத்தம் குடிக்கும் அட்டைப் பூச்சி. மழை மாதங்களில் மேலே புல்லில் கால் வைத்தால் ஏறாமல் இருக்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்களிலிருந்து மேலாளர் வரை எல்லோரும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுவார்கள். உள்ளே அட்டைக்கென்று தைத்த துணி உறை. நாங்களும் அப்படித்தான். ஜீப்பிலிருந்து இறங்கும்போது பூட்ஸ் மாட்டுவோம், திரும்ப ஏறும்போது கழற்றுவோம். அப்படியும் சில நாள் ஒன்று மேல் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

மச்சான் ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றினார். உறையைச் சுருட்டிப் பார்த்தால், கணுக்காலுக்கு மேல் குடித்துப் பருத்த ஒன்று இருந்தது. பாய் உப்புத் துணியை வைத்து அழுத்தினார். அது சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை, வழக்கம் போல. இதற்குள் எதிர் மலையில் மழை இறங்குவது தெரிந்தது. அடுத்து அடிக்க வேண்டியவர் மச்சான்.

"போட்டுக் கழட்டி என்னத்துக்கு, அடிச்சிட்டு ஓடுவோம்," என்று எழுந்து, துணி உறை மட்டும் போட்ட காலோடு ஈரப் புல்லில் நின்று அடித்தார்.

பந்து நேராகப் போய், ஓடையைத் தாண்டி, குழியைச் சுற்றி வெட்டிய புல்லின் ஓரத்தில் நின்றது. அந்தக் குழியில் மச்சான் ஓடையைத் தாண்டியதாக என் குறிப்புகளில் அதற்கு முன் இல்லை.

பாய் மச்சானின் காலைப் பார்த்தார். பிறகு, "இன்னொண்ணு அடிங்கண்ணே," என்றார்.

இன்னொன்றும் தாண்டியது.

"இப்ப பூட்ஸைப் போட்டுட்டு அடிங்க."

போட்டார், அடித்தார். நுனி புல்லில் குத்தியது, பந்து தேயிலைக்குள் போனது.

மழை வந்துவிட்டது. ஜீப்புக்கு ஓடினோம். எந்தப் பந்து குழிக்கு அருகில் என்ற சண்டையைத் தீர்க்க நான் எப்போதும் ஒரு அளவு நாடா வைத்திருப்பேன். மச்சானை ஜீப்பின் கதவோடு சாய்த்து நிறுத்தி, பூட்ஸோடு தலை எங்கே வருகிறது, இல்லாமல் எங்கே வருகிறது என்று சாக்கட்டி இல்லாததால் ஈர மண்ணால் கோடு போட்டேன். மழை அழிப்பதற்குள் அளந்தேன். ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல்.

பெங்களூரில் கூட்டிக் கொடுத்த நீளத்தை எங்கள் பூட்ஸ் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. மெல்லிய அடிக் காலணியில் நின்று கொடுத்த அளவு, கனத்த ரப்பரில் நின்ற ஆளுக்குக் குறைந்துபோனது. நிமிர்ந்து நின்றால் நுனி குத்தும். நுனி குத்தாமல் இருக்கக் குனிந்தால் முதுகு. மூன்று பேரும் பல ஆண்டுகளாக அந்த பூட்ஸில்தான் ஆடுகிறோம். பெங்களூர் போகும்போது ஒருவருக்கும் அதை எடுத்துப் போகத் தோன்றவில்லை. பூட்ஸை நாங்கள் அட்டைக்கு எதிரான ஏற்பாடாகத்தான் வைத்திருந்தோம், குடை மாதிரி. ஆட்டத்தோடு அதைச் சேர்த்து நினைத்ததில்லை.

இறங்கும் வழியில், கைபேசிக்கு உயிர் வந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தி, மச்சான் பெங்களூர் இளைஞரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், காலுக்கு என்ன போட்டிருந்தீங்க?"

"பூட்ஸ். முழங்கால் வரைக்கும். ரப்பர்."

"சார், ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு யாராவது கோல்ஃப் ஆடுவாங்களா?"

"நாங்க ஆடுறோமே தம்பி," என்றார் பாய்.

மட்டைகளைத் திரும்ப அனுப்பினால் இன்னும் நீட்டித் தர முடியும் என்றார் இளைஞர். ஆனால் அப்போது சாதாரணக் காலணியில் அவை நீளமாக இருக்கும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் அவராகவே, மழைக்கு ஒரு செட், வெயிலுக்கு ஒரு செட் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மச்சான் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு செட் வாங்குகிற பேச்சு சுருளிப்பட்டி வீட்டுக்குள் போகாது என்று மூவருக்கும் தெரியும். மச்சான் வேறொரு திட்டம் வைத்திருந்தார்: பூட்ஸ் வேண்டாம், துணி உறைக்கு மேல் கான்வாஸ் காலணி போட்டு ஆடுவது, அட்டை கடித்தால் கடிக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் வலித்ததைச் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் நான் பலகாரத்தோடு போனபோது, அவர் பூட்ஸையும் ஒரு மட்டையையும் முற்றத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னார், எங்களை மறைக்கச் சொன்னதையும் சேர்த்து. அக்கா முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப வலிச்சது."

"பூட்ஸைப் போட்டதால வலிச்சது."

"பூட்ஸை யாரு போட்டா, பக்கத்து வீட்டுக்காரரா?"

"கழட்டிட்டு அடிச்சப்ப வலிக்கல. கேளு, இவன் அளந்து பார்த்திருக்கான்."

"ஏலே, நீ அளக்காத பொருள் இருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவரிடம் திரும்பினாள். "கழட்டிட்டு ஆடுவீக. அட்டை கடிக்கும். சக்கரை இருக்கிற காலு, புண்ணு ஆறுமா? போன வருசம் கருவேல முள்ளு குத்துனது எத்தனை நாளு கெடந்துச்சு?"

அது எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றார் மச்சான் கடைசியில். "நான் விட்டுர்றேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து மட்டையைத் துணியால் துடைத்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு ஈடு முறுக்கை எடுத்தாள், அடுத்த ஈட்டைப் போட்டாள்.

"மேல அட்டை எப்ப இருக்காது?" என்று என்னைக் கேட்டாள்.

"தையில மழை விட்டுரும். சித்திரை முடிய இருக்காது. கோடை மழை பெஞ்சா ஒண்ணு ரெண்டு வரும்."

"அப்ப அந்த நாலு மாசம் போகட்டும். செருப்புப் போட்டு, நிமிந்து நின்னு. வைகாசி பிறந்தா இந்தக் கம்பெல்லாம் மச்சுல ஏறணும். அந்த நாலு மாசத்துல ஒரு நாள் இடுப்புல கை வச்சாலும் அதோட சரி."

"அக்கா, நீ தீபாவளின்னுல்ல சொன்னே," என்றேன்.

"நான் சொன்னதை நான் மாத்துறேன், உனக்கென்ன? இன்னொண்ணு கேளுங்க," என்று மச்சானிடம் சொன்னாள். "நாளையிலருந்து பந்தலுக்குள்ள போகக்கூடாது. பயலு பார்த்துக்கிருவான். மலையில நிமிந்து நின்னுட்டு இங்கன வந்து கூனிக்கிட்டு அலைஞ்சா எவன் முதுகு தாங்கும்?"

பயல் என்றது மகனை. அவன் வெளியூர்ப் பேச்சு, பட்டணத்து வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மச்சான்தான் அதுவரை பந்தலை விட்டுக்கொடுக்காமல் இருந்தார். கோல்ஃபுக்காக விட்டுக்கொடுத்தார்.

தை இரண்டாம் ஞாயிறு முதல் சித்திரை கடைசி ஞாயிறு வரை மச்சான் மலைக்கு வந்தார். ஒரு ஞாயிறு தவறியது, ஒரு கல்யாணத்துக்காக. கான்வாஸ் காலணி, அளவு மட்டை. நிமிர்ந்து நின்றார். இடுப்பில் கை வைக்கவில்லை. நானும் பாயும் அதை அக்காவுக்காகக் கவனித்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் கொஞ்சம் தேறியது. தேயிலைக்குள் போகும் பந்து குறைந்தது. பாயை ஜெயிப்பது முன்பு அபூர்வம், இப்போது எப்போதாவது. "மட்டை நீளமாச்சு, பேச்சும் நீளமாச்சு," என்று பாய் சொல்கிற அளவுக்கு.

இப்போது வைகாசி. மட்டைகள் மச்சில் இருக்கின்றன. நானும் பாயும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போகிறோம். ஜீப்பை மச்சானின் மகன் ஓட்டி வருகிறான். மத்தியானம் மச்சான் போன் செய்து, எந்தக் குழியில் யார் எத்தனை என்று கேட்கிறார்.

தேனியில் தெரிந்தவர் ஒருவர் புதிதாக ஆடத் தொடங்கியிருக்கிறார். எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு அளவு மட்டை தேவைதானா, கொடுக்கிற காசுக்கு மதிப்பு உண்டா என்று சென்ற வாரம் என்னைக் கேட்டார். மச்சானுக்கு வலி நின்றது உண்மை என்றேன். அளவெடுக்கப் போனால் எதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறாரோ அதைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். வலி நின்றது மட்டைகளால்தானா என்று அவர் கேட்டபோது, தெரியாது என்றேன்.

ஏனென்றால் ஒரே சமயத்தில் மூன்று மாறின. மட்டை மாறியது, காலணி மாறியது, பந்தலுக்குள் குனிந்து நடப்பது நின்றது. மேலாளர் கொடுத்த பழைய மட்டைகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. மாசி மாதம் ஒரு ஞாயிறு அவற்றை ஜீப்பில் எடுத்துப்போய், கான்வாஸ் காலணியோடு இவற்றை வைத்து ஒரே ஒரு சுற்று ஆடிப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும் என்று மச்சானிடம் கேட்டேன்.

"வலி வந்தா உங்க அக்காகிட்ட நீ சொல்றியா மாப்ள?" என்றார்.

அவர் ஆடவில்லை. ஆகவே அவர் முதுகைக் காப்பாற்றியது அளவு மட்டையா, மெல்லிய காலணியா, பந்தலிலிருந்து கிடைத்த ஓய்வா என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.